சொக்கலிங்கத்தின் கோலுக்கு அகலமாகிவிட்ட பெட்டி

காஜா பெராங்கில் வசிக்கும் வழக்கறிஞர் ராகவனாகிய நான், இன்று நடந்ததை நம் பில்லியர்ட்ஸ் மன்ற நண்பர்களின் பார்வைக்காக இந்த அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன்.

இந்த நாடு விடுதலை பெற்ற மெர்டேக்காவுக்குப் பின் காரைக்குடிக்குத் திரும்பிவிட்ட சொக்கலிங்கம், இங்கே விட்டுச்சென்ற தன் பில்லியர்ட்ஸ் கோலைக் கப்பலில் அனுப்பும்படி எழுதியிருந்தான்.

கோல் நுனியில் ஒட்டியிருக்கும் தோலின்மேல் பஞ்சு வைத்துக் கட்டினேன். மனைவி கமலா கொடுத்த பழைய கைலியில் கோலைச் சுற்றினேன்.

தச்சர் மாரிமுத்து பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"லோயர் சார், ஒரு கோலுக்கு எதுக்கு இவ்ளோ அகலம்? உள்ள ஆடும் லா. மெட்ராஸ் போறதுக்குள்ள ஒடிஞ்சிரும்."

அளவு கொடுத்தவன் நானே. பன்னிரண்டு ஆண்டுகளாக அவன் கோலையும் என் கோலையும் சேர்த்தே பார்த்துப் பழகிய கண்.

"வைக்கோல் அடைச்சிரவா?"

வேண்டாம் என்று சொல்லி, என் கோலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். பெட்டியைக் குலுக்கிப் பார்த்தோம், ஆடவில்லை.

"அப்ப நீங்க எத வெச்சு வெளையாடுவீங்க?"

மூடியை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் ஆணி அடித்தார்.

என் கோலைக் கப்பலில் திருப்பி அனுப்பலாகாது, நேரில் வந்தே ஒப்படைக்க வேண்டும் என்று சொக்கலிங்கத்துக்குக் கடிதத்தில் நிபந்தனை விதித்திருக்கிறேன். அவன் ஒப்புதல் பெறாத இந்த நிபந்தனை செல்லுமா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. செல்லும் என்று கருதுபவர்கள் மட்டும் கீழே எழுதவும்.

ஒப்பம்: ராகவன்
சாட்சிகள்: மாரிமுத்து, கமலா