நியூக்ளியோலஸில் ஒரு செம்மறியாடு

மனித செல்லின் உட்கருவுக்குள் இன்னொரு சிறிய உருண்டை இருக்கிறது. நியூக்ளியோலஸ் என்பார்கள். அதற்குள் எந்தெந்தப் புரதங்கள் குடியிருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் அங்கே என்ன வேலை என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. மனைவியிடம் இதை விளக்கியபோது, "ஓ, வோட்டர் லிஸ்ட் எடுக்கது மாதிரியாக்கும்," என்றாள்.

பாறசாலையில் காலை ரயில் ஏறித் திருவனந்தபுரத்து ஆய்வகத்துக்குப் போவேன். ஒப்பந்த வேலை, மாதக் கடைசியோடு முடிகிறது. பட்டியல் நன்றாக வந்தால் நீட்டிப்பு. இல்லையென்றால் வீடுதான், என் வயதுக்கு வேறெங்கும் எடுக்கமாட்டார்கள்.

செல்களை உடைத்து, சர்க்கரைக் கரைசலில் சுழற்றி, உருண்டைகளை மட்டும் பிரிக்க வேண்டும். எல்லாம் குளிர் அறையில். கனடாவிலிருக்கும் மைத்துனன் ஒரு கம்பளி ஸ்வெட்டர் தந்திருந்தான். எங்கள் பக்கத்து உதியன்குளங்கரை சந்திப்பில் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் காய்ச்சலா என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரே குளிர்நாடு அந்த அறைதான், அங்கே போட்டேன். அதற்கு மேல் ஆய்வகக் கோட்டின் பொத்தானைப் போட முடியவில்லை. என் வயிறும் ஒரு காரணம். திறந்தே விட்டேன்.

புரதங்களை எடைபோட்டு இனம் காணும் இயந்திரம் வேறொரு நிறுவனத்தில் இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு முறை. முடிவு வந்தபோது பட்டியலின் உச்சியில் கெரட்டின் நின்றது, முடியிலிருக்கும் புரதம்.

"சேட்டா, இது மனுசன் முடிகூட இல்ல. செம்மறியாடு," என்றார் ஆய்வகத் தலைவி. நெய்யாற்றின்கரைக்காரர், என்னைவிட இளையவர்.

"எங்க பக்கம் செம்மறியாடே கெடையாது மேடம்."

"அன்னைக்கு நீங்க என்ன போட்டிருந்தீங்க?"

ஸ்வெட்டரிலிருந்து உதிர்ந்த இழைகள் குழாய்களில் விழுந்திருக்கின்றன. கம்பளியின் அடியில் எங்கள் அரிய புரதங்களெல்லாம் அமுங்கிப் போயிருந்தன. எல்லாருக்கும் தெரிந்த பழையவை மட்டும் தலை நீட்டின.

"இத வச்சு நான் எப்படி நீட்டிப்பு கேப்பேன்? உறைய வச்ச செல்லு ஒரு குப்பி பாக்கி உண்டு. வளந்தா திரும்பச் செய்யுங்க. மெஷினுக்கு நான் கெஞ்சிப் பாக்கேன்."

அன்று மாலை மைத்துனன் வீடியோவில் வந்தான். "அத்தான், ஸ்வெட்டர் ஒதவிச்சா?"

"நல்ல சூடுண்டு மக்கா."

அவன் போனதும் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டாள்: "ஆட்டுக்கு அங்க என்ன வேல?"

"என் வேலய எடுக்கதாக்கும்."

அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவை வீட்டில் தோற்பது புதிதல்ல. ஆனால் அன்று நானும் சிரிக்கவில்லை.

மறுநாள் அரைக்கைச் சட்டையோடு போய்க் கடைசிக் குப்பியை உருக்கித் தட்டில் ஊற்றினேன். உயிருள்ள செல் தட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும். செத்தது மிதக்கும். அதற்கடுத்த நாள் நுண்ணோக்கியில் பார்த்தால், ஏறக்குறைய எல்லாம் மிதந்துகொண்டிருந்தன. ஓரத்தில் மட்டும் சில ஒட்டியிருந்தன.

தலைவி கதவருகே வந்து நின்றார். "ஒட்டிச்சா சேட்டா?"

"நாலஞ்சு ஒட்டிருக்கு மேடம்."

அவர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த நாலைந்தும் பெருகித் தட்டை நிறைக்க, மிச்சமிருக்கும் மாதம் போதாது. அது இருவருக்கும் தெரியும். நான் தட்டைத் திரும்ப வளர்ப்புப் பெட்டிக்குள் வைத்து, குலுங்காமல் கதவைச் சாத்தினேன்.