பையைக் காலி செய்தவள்

நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்த காலத்தில் எனக்கு மூக்கின் மேல் கோபம். கோச்சடையிலிருந்து ஸ்கூட்டரில் போய் இறங்கும்போதே யாராவது அகப்பட மாட்டார்களா என்றுதான் இருக்கும். ஒருமுறை மேலூர்க்காரி ஒருத்தி அகப்பட்டாள்.

அவள் கணவர் கல் குவாரியில் வேலை பார்த்தவர். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, அறுவை சிகிச்சை முடிந்து, தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் கண்டம் தாண்டவில்லை. அந்த நாட்களில் உடம்பில் நீர் வற்றினால் மூளைக்கு ரத்தம் போதாமல் பேச்சு போகலாம், கை கால் போகலாம். அதனால் உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் சிறுநீரையும் மணிக்கு மணி அளந்து சார்ட்டில் எழுத வேண்டும்.

ஆள் பற்றாத வாரம் அது. அவளையே கட்டிலருகே உட்காரவிட்டிருந்தோம். மதியம் பார்த்தால் கட்டிலோரம் குழாயில் தொங்கிய சிறுநீர்ப் பை நிரம்பிப் புடைத்திருந்தது. நான் அளக்க மறந்த பை. பாய்ந்தது அவள்மேல்.

"பக்கத்துலயே உக்காந்திருக்க, பை நெறஞ்சு கெடக்குறது கண்ணுக்குத் தெரியலயா?"

அவளுக்கு அது உத்தரவாகிவிட்டது. அன்றிலிருந்து பை பாதி சேர்ந்ததும் பிடித்துக் கொண்டுபோய்க் கழிவறையில் ஊற்றினாள். எனக்குத் தெரியாது. மிச்சம் கிடந்ததைத்தான் அளந்து எழுதினேன். ரத்தத்தில் உப்பும் குறைந்தது; உடம்பில் தண்ணீர் தங்கினாலும் அப்படிக் குறையும். இளம் டாக்டர் சார்ட்டைப் பார்த்து, "உடம்புல தண்ணி தங்குது, ட்ரிப்ஸக் கொறைங்க" என்றார்.

"தாயி, நாக்கு ஒட்டுது. ஒரு மடக்குத் தண்ணி குடு" என்று அந்த மனிதர் இரண்டு நாள் என்னிடம் கேட்டார். டாக்டர் சொல்லாமல் சொட்டுக்கூடக் கிடையாது என்றேன். அவள் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தபோது பிடுங்கிக் குப்பையில் போட்டேன். அவர் வாயால் சொன்னதைவிட என் கையெழுத்தை நம்பினேன்.

மூன்றாம் நாள் காலை அவர் ஒன்றும் கேட்கவில்லை. வலது கை துவண்டு கிடந்தது. பெரிய டாக்டர் சார்ட்டைப் புரட்டி, "யூரின் இவ்வளவுதான் போனாரா?" என்றார்.

"இல்ல சார், நெறையப் போனாரு. நாந்தான் அப்பப்ப ஊத்திட்டு வாரேன்" என்றாள் அவள், கொஞ்சம் பெருமையாகவே.

"யாரு ஊத்தச் சொன்னது?"

அவள் என்னைப் பார்த்தாள். டாக்டரின் முகம் மாறியது அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"யாரும் சொல்லல சார். தெரியாமப் பண்ணிட்டேன்."

நான் குனிந்து, உறவினர் அளக்காமல் ஊற்றிவிட்டார் என்று சார்ட்டில் எழுதினேன். எனக்கு வந்தது வருத்தம் இல்லை, நிம்மதி. ட்ரிப்ஸை முழுதாகத் திறந்துவிட்டோம். பேச்சு திரும்பவில்லை.

சாயங்காலம் வராண்டாவில் அவள் மாமியார், "எம்புள்ள வாய அடைச்சிட்டயேடி" என்று அவள் கன்னத்தில் மாறி மாறி அறைந்தார். அவள் கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை. நான் அருகில் போய், இது ஆஸ்பத்திரி, சத்தம் போடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.