போலி மரபணுவும் துறைத்தலைவரின் பருத்தியும்

எங்கள் துறைத்தலைவருக்கு அறிவியல் என்பது அவர் கைப்பட எழுதி ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவைத்திருந்த நோட்ஸோடு முடிந்துபோன சமாச்சாரம். அதில் போலி மரபணுவுக்கு ஒரே வரிதான்: 'செயலற்றது, குப்பை.' கள்ளக்குறிச்சியில் அந்தத் தனியார் கல்லூரியில் விலங்கியல் படித்த பிள்ளைகள் எல்லோரும் அந்த வரியை எழுதித்தான் மார்க் வாங்கினார்கள்.

அங்கே நான் தற்காலிக விரிவுரையாளர். வெள்ளிமலையிலிருந்து பஸ்ஸில் குலுங்கி இறங்கி வந்து, மரபியல் பாடம் முழுவதையும் நான்தான் எடுத்தேன். நிரந்தர வேலை ஒன்று காலியானபோது அது எனக்குத்தான் என்று நம்பினேன். தாளாளர் முன்னால் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். வேண்டுமென்றே போலி மரபணுவை எடுத்துக்கொண்டேன்.

மரபணு, புரதம் செய்யச் சொல்லி ஒரு ஆர்.என்.ஏ. நகலை அனுப்பும். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிற பொடிசுகள் அந்த நகலில் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்கும். போலி மரபணு புரதம் செய்யாது. ஆனால் சில போலிகளின் ஆர்.என்.ஏ. அசல் மரபணுவின் நகலைப் போலவே இருப்பதால், பொடிசுகள் இதிலும் போய் ஒட்டிக்கொள்ளும். அசல் தப்பிக்கும், புரதம் கூடும். இவ்வளவுதான் சொன்னேன்.

"ஒதவாதத வெச்சிக்கினு இன்னாம்மா கத சொல்ற? நோட்ஸ்ல இருக்கறத நடத்து," என்று துறைத்தலைவர் குறுக்கே விழுந்தார்.

அவருக்கு நைனார்பாளையத்தில் பருத்திக் கொல்லை. ஸ்டாஃப் ரூமில் பாடத்தைப் பற்றி வாய் திறக்காதவர், கொல்லையைப் பற்றி ஓயாமல் பேசுவார். அதனால் பருத்தியைச் சுற்றி எதற்கு சார் ஆமணக்கு நடுகிறீர்கள் என்று அந்த மாதிரி வகுப்பிலேயே மரியாதையாகக் கேட்டேன். மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அந்துப்பூச்சி ஆமணக்கு இலையைத் தேடிப் போய் முட்டையிடும், பருத்திக்குச் சேதம் குறையும் என்று தாளாளருக்கு விலாவாரியாக விளக்கினார். ஆமணக்கு விதைக்காக இல்லை, பூச்சிக்காகத்தான் என்று அழுத்திச் சொன்னார்.

தாளாளர் அவரையே பார்த்தார். "அந்தம்மாவும் அத்தான சார் சொல்லுது?"

துறைத்தலைவர் தண்ணீர் குடித்தார். வேலை கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். என்ன மடத்தனம்.

வேலை துறைத்தலைவரின் அக்கா மகனுக்குப் போனது. மாதிரி வகுப்பில் அவர் நோட்ஸைப் பார்த்து வாசித்தாராம், தெளிவாக வாசித்தாராம். மறுநாள் துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ சொன்னது சரிதாம்மா. மனசுல வெச்சிக்காத. மரபியல மட்டும் நீயே எடுத்துக்க, பையனுக்கு அது வராது."

அவருக்குக் கூச்சமே இல்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. வேறு ஆளைப் பாருங்கள் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் கோபத்தில் பேசுவதாகவும், திங்கட்கிழமை தானாக வந்துவிடுவேன் என்றும் சொல்லிச் சிரித்தார்.

நான் போகவில்லை. இப்போது உளுந்தூர்பேட்டையில் வேறொரு கல்லூரி. இங்கேயும் தற்காலிகம்தான், சம்பளம் இன்னும் குறைவு. அங்கே அந்தப் பருவம் முழுக்க மரபியல் வகுப்பு நடக்கவே இல்லை என்று கேள்விப்பட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

ரிசல்ட் வந்த அன்று, என்னைப் போலவே மலையிலிருந்து அந்தக் கல்லூரிக்கு வரும் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். வகுப்பில் பெரும்பாலோர் மரபியலில் பெயில், அவளும்தான். மலைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு நடத்தினாலும் ஏறாது என்று துறைத்தலைவர் தாளாளரிடம் சொல்லிவிட்டாராம். சொல்லும்போதே அழுதாள்.

"மேடம், எங்களுக்கு நெஜமாவே மூள கம்மிங்களா?" என்று கேட்டாள்.