முட்டை விலைக்குப் பக்கத்தில் ஒரு விளம்பரம்

எங்கள் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவன் பல் துலக்குவதற்கு முன்னால் முட்டை விலை பார்ப்பான். நானும் அப்படித்தான். அதற்கென்று ஒரு இணையப் பக்கம் இருக்கிறது. விலை என்னவோ ஒரே ஒரு வரிதான். அந்த வரியைச் சுற்றி இருக்கிற கண்றாவியைத்தான் பார்க்கச் சகிக்காது. ஒரு பக்கம் இடுப்புவலித் தைலம், இன்னொரு பக்கம் எவனோ ஒருவனுடைய சொட்டைத் தலை. நடுவில் ஒரு பெட்டி குதித்து வந்து விலையை மறைத்துக்கொண்டு, குக்கீகளை ஏற்கிறீர்களா என்று கேட்கும். 'ஏற்கிறேன்' என்பது பச்சைப்பசேலென்று கட்டைவிரல் அகலத்துக்கு இருக்கும். வேண்டாம் என்று சொல்ல ஒரு பொத்தான் கிடையாது. 'விருப்பங்களை நிர்வகி' என்று சாயம் போன எழுத்தில் மூலையில் ஒன்று கிடக்கும். அதைத் தொட்டால் 'எங்கள் கூட்டாளிகள்' என்று முடிவில்லாமல் ஒரு பட்டியல் ஓடும். என் பண்ணை முட்டையில் இவன்களெல்லாம் எப்போது கூட்டுச் சேர்ந்தார்கள் என்று எனக்குப் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் விலை தெரிய வேண்டுமே. பச்சையை அழுத்தித் தொலைப்பேன்.

போன மழைக்காலத்தில் அந்தத் தைலம் இருந்த இடத்தில் ஒரு முதியோர் இல்லம் வந்து உட்கார்ந்தது. மலையடிவாரம், புல்தரை, மூங்கில் நாற்காலி. நாற்காலியில் நரைமுடி அம்மா ஒருத்தி காப்பி டம்ளரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். 'இனியாவது உங்களுக்காக வாழுங்கள்' என்று கீழே எழுதியிருந்தது. எல்லோருக்கும் வருகிறதுதானே என்று முதலில் சும்மா இருந்தேன். ஆனால் அது போகவே இல்லை. முட்டை விலை இறங்கினாலும் ஏறினாலும் அந்த அம்மா சிரித்தாள்.

ஒருநாள் டீக்கடையில் பக்கத்துப் பண்ணைக்காரர் அதே பக்கத்தைத் திறந்தார். எட்டிப் பார்த்தேன். அவருக்கு டிராக்டர் டயர் வந்தது.

"ஏனுங்க, உங்களுக்கு அந்த முதியோர் இல்லம் வல்லீங்களா?" என்றேன்.

"எனக்கெதுக்குங்க அது? நம்மூட்ல யாரு எதைத் தேடறாங்களோ அதைத்தானுங்க காட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். டீ பாதியில் கசந்துபோயிற்று.

என் வீட்டில் இருப்பது நானும் என் மனைவியும்தான். ஒரே மகன் ஓசூரில் வேலையில் இருக்கிறான். போன் வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். ஆக, அவன்தான் தேடியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். பெற்றவனைத் தள்ளிவிட இடம் பார்க்கிறான். அதை என் கைக்குள்ளேயே இந்தச் சனியன் கொண்டுவந்து காட்டுகிறது. எச்சில் இலையை முகர்ந்து பார்த்து, யார் என்ன தின்றான் என்று ஊருக்குச் சொல்கிற பிழைப்பு. அதைச் செய்கிறவன்மேல் வந்த அருவருப்பு பெரிதா, மகன்மேல் வந்தது பெரிதா என்று எனக்கே தெரியவில்லை.

முதலில் விளம்பரத்தை ஒழிப்போம் என்று பிரவுசர் செட்டிங்ஸுக்குள் போனேன். குக்கீகளை அழி என்று இருந்ததை அழுத்தினேன். எல்லாம் அழிந்தது. மறுநாள் காலையில் துடைத்து வைத்த பக்கத்தில் துடைத்து வைத்த முகத்தோடு அதே அம்மா சிரித்தாள்.

மகனுக்குப் போன் போட்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"நான் தேடியிருந்தா எம்பட மெயில் ஐடில இருக்குமுங்கப்பா. உங்க போனுக்கு எப்படி வரும்? உங்க கணக்குல யாரு என்ன தேடுனாங்கன்னு காட்டற பக்கம் ஒண்ணு இருக்குது. செட்டிங்ஸ்ல போயி நீங்களே பாருங்க."

பார்த்தேன். நான் தேடின தீவன விலை, கோழிச் சளி மருந்து எல்லாம் வரிசையாகக் கிடந்தன. நடுநடுவே நான் தேடாதவை இருந்தன. 'ஒத்தப் பொம்பளை மட்டும் தங்கறாப்ல எடம் இருக்குதுங்களா' என்று ஒன்று. 'ஊட்டுக்காரரு இல்லாம சேத்துக்குவாங்களா' என்று இன்னொன்று.

என் மனைவிக்கு எழுத்துக் கூட்டித் தட்டத் தெரியாது. மைக் படத்தை அழுத்திப் பேசுவாள். அவளுக்குப் போன் வாங்கினபோது கடைக்காரர், "ரெண்டு போனுக்கும் ஒரே ஐடி போட்டுரட்டுங்களா?" என்று கேட்டார். புருஷன் பெண்டாட்டிக்கு எதற்கு இரண்டு என்று நான்தான் சரியென்று சொன்னேன்.

அவள் தேடின வரிக்குப் பக்கத்தில் ஒலியைக் கேட்க ஒரு குறி இருந்தது. தொட்டேன். அவள் குரல்தான், ரொம்பத் தணிவாக. எந்திரத்துக்கும் மரியாதை கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பேச்சுக்குப் பின்னால், வெளியே இருந்து, ஒரு ஆள் தீவன லாரி டிரைவரைக் காட்டுக் கத்தல் கத்துகிற சத்தம். யாரடா இந்த நாராச வாயன் என்று நினைத்து மறுபடி தொட்டேன். நான்தான்.

சாயங்காலம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போனில் அந்த முதியோர் இல்ல விளம்பரத்தை நீட்டி, "ஏம் புள்ள, என்ன இது?" என்றேன்.

பார்த்தாள். பதறவில்லை. "நாந்தானுங்க கேட்டேன்."

"என்னையக் கொண்டுபோயி உடறதுக்கா?"

"உங்களை எதுக்குங்க உடறேன்? நான் போறதுக்கு." கீரைத்தண்டைக் கிள்ளிப் போட்டாள். "முட்டை வெல எறங்குனா எம்மேல எரிஞ்சு உழுவீங்க. ஏறுனா, நேத்தே வித்துப்போட்டமேன்னு எரிஞ்சு உழுவீங்க. சத்தமில்லாத எடத்துல உக்காந்து ஒரு டம்ளர் காப்பி குடிக்கோணும்னு இருக்குது. போறேன்னு சொல்லலீங்க. இருக்குதான்னு கேட்டேன்."

பிறகு அவள் ஒன்று கேட்டாள்.

"நான் அதுகிட்டக் கேட்டது உங்களுக்கு எப்படீங்க தெரிஞ்சுது?"

அந்தப் பக்கத்தைக் காட்டினேன். தெரியாத்தனமாக என் விரல் பட்டு அவள் குரல் மறுபடி ஒலித்தது. அவள் முகம் சுருங்கியது. சாணியை மிதித்துவிட்டவள்போல என்னைப் பார்த்து, "சீ" என்றாள். "ஒளிஞ்சிருந்து கேட்டாப்ல இருக்குதுங்க."

நான் அந்த எந்திரத்தை என்னவெல்லாம் திட்டினேனோ, அதெல்லாம் அந்த ஒரு 'சீ'க்குள் இருந்தது. கோபம்கூட வரவில்லை எனக்கு. வெட்கமாக இருந்தது.

அவள் கேட்டது ஒன்றுதான். "எனக்குத் தனியா ஒரு ஐடி போட்டுக் குடுங்க."

மறுநாள் இருவரும் கடைக்குப் போனோம். "அம்மாவுக்கு எதுக்குங்க தனியா?" என்று கடைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார். "எனக்கு வேணுமுங்க" என்று அவள் சொன்னாள். கடவுச்சொல் போடும்போது அவர் என்னைப் பார்த்தார். நான் வெளியே வந்து சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து என் கணக்கில் இருந்த அவளுடைய பேச்சையெல்லாம் அழித்தேன். விளம்பரத்துக்காக என்னைப் பின்தொடர வேண்டாம் என்று செட்டிங்ஸில் எங்கெங்கே சொல்ல முடியுமோ அங்கெல்லாம் சொன்னேன். இப்போது குக்கீப் பெட்டி வந்தால் பொறுமையாக மூலைக்குப் போய், ஒவ்வொரு கூட்டாளியாக வெளியே தள்ளுகிறேன். முதியோர் இல்லம் நின்றுவிட்டது.

அவள் இன்னும் தேடுகிறாளா, விட்டுவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. கேட்க வாய் வரவில்லை. அவள் போன் அவள் தலைமாட்டில் கிடக்கிறது. நான் தொடுவதில்லை.

நேற்று விலை நன்றாக இறங்கியிருந்தது. வசவு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் காப்பியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். வந்ததை விழுங்கிவிட்டுக் காப்பியைக் குடித்தேன். காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் இப்போதெல்லாம் என் கண் விலைக்குப் போவதற்கு முன்னால், மூங்கில் நாற்காலி அம்மா இருந்த மூலைக்குத்தான் போகிறது. அந்த அம்மா இருந்தால், என் வீட்டுக்காரி இன்னும் தேடுகிறாள் என்றாவது தெரியும். டிராக்டர் டயர்தான் இருக்கிறது.