அடுத்த வீட்டு இருமல்

டான்யூப் ஆற்றில் நான் பிடித்த மீன்களைப் பற்றிச் சொன்னால் எங்கள் ஊர் பிராய்லாவில் ஒருவனும் நம்ப மாட்டான். நம்பவும் கூடாது, அவை எல்லாம் பொய். இது மீன் கதை இல்லை. போன மார்ச் மாதம், பட்டப்பகலில், எனக்கே நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று உங்களுக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள்.

என் மனைவி சபீனா போய்ச் சேர்ந்த பிறகு எனக்குத் தூக்கமும் போய்விட்டது. இத்தாலியில் வேலை பார்க்கும் மகள் இலிங்கா, வீடியோ காலில் பேசும் ஒரு மனநல ஆலோசகரை ஏற்பாடு செய்தாள். ஸ்மரண்டா என்று பெயர், வேறு ஊர்க்காரி. வியாழக்கிழமைதோறும் நாலு மணி. "நீங்க சொல்றது எங்கிட்டயிருந்து வெளிய போகாது எமிலியன் சார். உங்க பொண்ணுகிட்டகூடப் போகாது" என்றாள். எனக்கு வேண்டியதும் அதுதான். இலிங்காவிடம் நானும் சபீனாவும் முப்பத்தெட்டு வருடமாக மறைத்த விஷயம் ஒன்று இருந்தது. இரண்டு பேர் சுமந்ததை ஒருவனால் சுமக்க முடியவில்லை. எங்காவது இறக்கி வைக்க வேண்டும். ஆனால் அது எவனோ ஒருவன் வாயால் என் மகள் காதுக்குப் போகக் கூடாது.

சமையலறையில் போனை நிறுத்தி வைத்தேன். குழாயைத் திறந்துவிட்டேன். பேச ஆரம்பித்தேன்.

குழாய் எதற்கு என்கிறீர்களா? என் வயதுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். அந்தக் காலத்தில் வீட்டில் முக்கியமாக ஏதாவது பேசினால் தண்ணீரை ஓடவிடுவோம். தொலைபேசி மேல் ஒரு தலையணையை வைத்து அமுக்கிவிடுவோம். ஒட்டுக்கேட்கிறவன் தண்ணீரைக் கேட்டுக்கொண்டு கிடக்கட்டும். எங்கள் தொலைபேசி இணைப்பை வெட்டிப் பல வருடம் ஆயிற்று. கறுப்புக் கருவி மட்டும் கூடத்தில் இருக்கிறது. சபீனாவின் நீலத் தலையணையும் அதன் மேலேயே இருக்கிறது. பழக்கம்.

எங்களை ஒட்டுக்கேட்டவன் ஹரலாம்பி. சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு. யார் வீட்டில் எத்தனை முட்டை, யார் எந்த வெளிநாட்டு வானொலி கேட்கிறார்கள் என்று கட்டடத்தையே ரகசியப் போலீசுக்கு ஒப்பித்தவன். கூர்ந்து கேட்டால் அவனுக்குத் தொண்டை அரிக்கும். கக்... கக்... கக். மூன்றுதான். 1987-ல் வருடம் முழுக்க அந்த இருமல் எங்கள் சுவரை விட்டு நகரவில்லை. அவன் தேடியது கிடைக்கவும் இல்லை. பன்னிரண்டு வருடம் கழித்துச் செத்தான். அடக்கத்துக்கு நானும் போனேன், உறுதி செய்துகொள்ள.

அவன் வீடு அன்று பூட்டியது, பூட்டியபடியே கிடக்கிறது.

முதல் வியாழன். சுற்றி வளைத்து விஷயத்தின் வாசலுக்கு வந்தேன். குழாய் நின்றது. நகரசபையைத் திட்டிக்கொண்டே எழுந்து பார்த்தேன். அவர்கள் தண்ணீரை நிறுத்தவில்லை. குழாய்த் திருகு இறுக்கி மூடியிருந்தது.

நானே மூடியிருப்பேன் என்று திறந்தேன். மறுபடி வாசலுக்கு வந்தேன். மறுபடி மூடிக்கொண்டது. அன்று மீன்களைப் பற்றிப் பேசி முடித்தேன்.

கீழ்வீட்டு ஸோயி படிக்கட்டில் பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டுக் கூரையில் ஈரம் இறங்குகிறதாம்.

"உன் பொய் மீனுக்கெல்லாம் தொட்டி கட்டிட்டியா எமிலியன்? அப்படியே அந்த இருமலுக்கும் மருந்து குடி. காது போகுது."

எனக்கு இருமல் இல்லை.

இரண்டாவது வியாழன் ஸ்மரண்டா பாதியில் நிறுத்தினாள்.

"சார், தனியா உக்காந்து பேசணும்னு சொன்னேனே. பக்கத்துல யாரு?"

"யாருமில்லையே."

"இருமறாங்களே."

எனக்குப் பயம் வரவில்லை. கோபம் வந்தது. போனை அணைத்துவிட்டு, இறைச்சி தட்டும் சுத்தியலை எடுத்துச் சுவரை அறைந்தேன். காரை பெயர்ந்து விழுந்தது.

"நாயே! அப்ப உனக்குக் கூலி குடுத்தாங்க, கேட்ட. இப்ப யாருக்குடா கேக்கற? உன் அரசாங்கமே செத்துப்போச்சுடா!"

சுத்தியலைக் கீழே இறக்கினேன்.

பிறகு... கக்.

மூன்றாவது வியாழன் வீட்டிலேயே இல்லை. என் பழைய டாசியா காரை ஆற்றங்கரைக்கு ஓட்டிப்போனேன். கண்ணாடிகளை ஏற்றினேன். சுவரும் இல்லை, குழாயும் இல்லை. வாடா பார்க்கலாம்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. திரை இருட்டாக இருந்தது. குரல் மட்டும், ஸ்மரண்டாவின் குரல், கொஞ்சம் மெலிந்து.

"படம் வரலை. பரவாயில்ல. சொல்லுங்க."

சொன்னேன். எல்லாவற்றையும். இலிங்கா எங்களுக்குப் பிறந்தவள் இல்லை. மருத்துவமனையில் விட்டுப்போன குழந்தை. யாரும் சந்தேகப்படக் கூடாது என்று சபீனா அந்த நீலத் தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டு ஐந்து மாதம் கடைகண்ணிக்குப் போய்வந்தாள். முன்பே பேசிவைத்திருந்த ஒரு நர்ஸ் பின்வாசல் வழியாகக் குழந்தையைக் கொடுத்தாள். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது. அழுதேன்.

"தலையணைய எதால கட்டினாங்க?"

"என் பெல்ட்டால."

"நர்ஸ் பேரு?"

சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆறுதல் சொல்ல வந்தவளுக்கு நர்ஸ் பெயர் எதற்கு?

மறுமுனையில் மூச்சு...

கக்...

கக்...

கக்.

போனைக் காருக்குள்ளேயே எறிந்தேன். வீட்டுக்கு ஓட்டிவந்து, வாசலில் காரைப் பூட்டிவிட்டு மேலே ஏறினேன். நேராகப் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

விடிந்ததும் காரைத் திறந்து போனை எடுத்தேன். ஸ்மரண்டா செய்தி அனுப்பியிருந்தாள். நேற்று மதியத்திலிருந்து அவர்கள் பகுதியில் மின்சாரம் இல்லையாம். என்னை அழைக்கவே முடியவில்லையாம். மன்னிக்க வேண்டுமாம்.

காருக்குள்ளேயே உட்கார்ந்து யோசித்தேன். அவனிடம் சரக்குச் சேர்ந்துவிட்டது. கொண்டுபோய்க் கொடுக்காமல் இருக்க மாட்டான். அவனுக்கு முன்னால் நான் சொல்ல வேண்டும். என் வாயால்.

இலிங்காவை அழைத்தேன்.

"கண்ணு, ஒண்ணு சொல்லணும். நீ எங்களுக்கு..."

"அப்பா." குரல் அழுது ஓய்ந்த குரல். "திரும்ப எதுக்கு? நேத்து சாயங்காலமே எல்லாம் சொல்லிட்டீங்களே. பெல்ட்டு, தலையணை, நர்ஸ் பேரு வரைக்கும். எனக்குக் கோவமில்லப்பா. ஆனா அந்த இருமலுக்கு மொதல்ல டாக்டரைப் பாருங்க."

"எந்த... நம்பர்லருந்து பேசினேன்?"

"நம்ம வீட்டு பழைய நம்பர்தான். ஏம்ப்பா?"

மாடி ஏறினேன். கூடத்துக் கதவைத் திறந்தேன்.

முப்பத்தெட்டு வருடமாக அந்த ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். என் மகளிடம் அதைச் சொன்னவன் அவன்.

தொலைபேசி மேல் தலையணை இல்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்தது. நடுவில் ஒரு பள்ளம்... யாரோ வெகுநேரம் உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்த பள்ளம்.