இழுத்துப் பழகிய விரல்

வாயில் நான்கு குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே பேசுவார் அக்கா. வார்த்தைகள் பல்லிடுக்கில் நசுங்கித்தான் வரும். "நிமிந்து நில்லுங்க சார். ஒருத்தருக்கும் ரெண்டு தோளும் சமமா இருக்காது. நாமதான் துணிய அதுக்கேத்த மாதிரி இழுத்துக்கணும்." சார் தன் தோளைப் பார்த்துக்கொள்வதற்குள் கால்சட்டையின் ஓரம் மடிந்திருக்கும்.

துணிகளை அளவு திருத்தித் தரும் சின்னக் கடை. எங்கள் இசை வகுப்பில் அவருக்கு 'ஊசி அக்கா' என்று பெயர். ஆள் வராத நேரத்தில் தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு சிவப்பு யுகுலேலே, நாலு தந்தி வைத்த குட்டி கிட்டார், வெளியே வரும். மகளுக்கு வாங்கியது, ஒரே வாரத்தில் அவளுக்கு அலுத்துவிட்டது.

"அந்தப் பொம்மைய அழ விடாத. பக்கத்துக் கடைக்காரன் சண்டைக்கு வரப்போறான்," என்பார் இஸ்திரி போடும் கணவர்.

"உங்க குறட்டைக்கே வராதவன் இதுக்கா வரப்போறான்?"

அது உண்மையிலேயே பொம்மைதான். கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளில் மூன்றாவது, இடம் தவறிப் பதிந்திருந்தது. அங்கே தந்தியை அழுத்தினால் ஒலி கொஞ்சம் இறங்கியே வரும். அக்காவின் காது அதைப் பொறுக்காது. மோதிரவிரலால் தந்தியை ஒரு நூலளவு பக்கவாட்டில் இழுத்து, ஒலியைச் சரியான இடத்துக்கு ஏற்றிவிடுவார். யாரும் சொல்லித்தரவில்லை. அவராகவே கண்டுபிடித்தார்! இரண்டு வருடம் இழுத்தார்.

வருட முடிவில் வகுப்பிலிருந்து எட்டுப் பேர் மேடையேறுவார்கள். எட்டு நீலச் சட்டைகளையும் தைப்பது அக்கா. தைத்துக் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவதும் அவர்தான்.

"இந்த டப்பாவோட மேடை ஏத்த முடியாதுக்கா," என்றார் எங்கள் இசை மாஸ்டர். "நல்லதா ஒண்ணு வாங்குங்க. அப்புறம் பாருங்க, எங்கயோ போயிடுவீங்க." நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். என் தலைதான் அதிகம் ஆடியது.

வாங்கினார். தேன் நிறம், தட்டினாலே பாடும் மரம். மேடைக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு முந்தின நாள்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் தன் அளவுக்கும் ஒரு நீலச் சட்டை தைத்து முடித்திருந்தார்.

தேர்வில் முதலில் சி கார்ட் என்ற எளிய சுரக்கூட்டு. வகுப்பில் சேர்ந்த முதல் நாளே எல்லோரும் கற்பது. மூன்றாவது ஃப்ரெட்டில் ஒரே ஒரு விரல். கணீரென்று ஒலித்தது, தப்பாக. சரியாகச் செய்த கருவியிலும் அந்த விரல் பழையபடி இழுத்தது. ஒலி மேலே ஏறிப் பல் கூசியது. மறுபடி வாசித்தார். மறுபடியும் ஏறியது. காதுக்குத் தெரிந்துவிட்டது என்று முகம் சொன்னது. விரலுக்குத்தான் தெரியவில்லை.

"இனிமே கருவி மேல பழி போட முடியாதேக்கா," என்றார் மாஸ்டர். யாரோ சிரித்தார்கள்.

"நான் எப்ப போட்டேன் தம்பி? நீங்கதான போட்டீங்க." அக்கா கருவியை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

மேடையில் அந்த இடம், சேர்ந்து நாலே மாதமான ஒரு பெண்ணுக்குப் போனது. முதல் நாளே நல்ல கருவியோடு வந்தவள்.

நேற்று கடைக்குப் போனேன். அக்கா தன் நீலச் சட்டையின் தோளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு அளவு குறைக்க வேண்டுமாம்.

"புதுசா தைக்கறது ஒண்ணுமே இல்லம்மா. தச்சதப் பிரிக்கறதுதான் கண்ணப் பிடுங்குது."

கணவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். குரலில் அன்று கேலி இல்லை. "பேசாம அந்தச் சிவப்பையே எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?"

"அதுதாங்க என்னக் கெடுத்துச்சு."

சட்டையை மடியிலிருந்து இறக்கிவிட்டு, புதிய யுகுலேலேயை எடுத்தார். மோதிரவிரலை மூன்றாவது ஃப்ரெட்டில் வைத்தார். அது இழுக்கத் தொடங்கியது. வலது கையைக் கொண்டுவந்து அந்த விரலை இறுகப் பிடித்து, அசையாமல் நிறுத்தினார். தந்தியை மீட்ட வேறு கை இல்லை. விடாமல் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.