ஆள் மாறி விழுந்த முட்டை

புலம்பெயர்ந்து வந்து வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் வாங்கிய வீட்டின் வாசல் நிலையில், விரல் நீளத்தில் ஒரு சின்ன உலோகக் கூடு சாய்வாகப் பொருத்தப்பட்டிருந்தது. முன்பு குடியிருந்த யூதக் குடும்பம் கழற்ற மறந்தது. உள்ளே அவர்களுடைய வேத வாசகம் இருக்கும் என்று அப்பா எங்கோ கேட்டு வந்து சொன்னார். வேதம் என்ற சொல்லே அம்மாவுக்குப் போதும். வெள்ளிக்கிழமைகளில் நிலைக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கும்போது அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். இரண்டு பக்கத்துக் கடவுளும் அதை ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது, ஒரு ஞாயிறு காலை, கதவெல்லாம் முட்டை வழிந்தது. அதன் மேல் கறுப்பு மையில், யூதர்களைத் தொலைந்து போகச் சொல்லி ஒரு வரி. தொலைக்காட்சியில் எந்நேரமும் இஸ்ரேல் சண்டை ஓடிய காலம் அது.

விசாரிக்க வந்த எல்லோரும் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள். எறிந்தவர்கள் ஆள் மாறி எறிந்துவிட்டார்களாம், எங்களுக்கு இல்லையாம். நடுங்கிப் போயிருந்த எனக்கு அது பெரிய நிம்மதி. அம்மாவின் அண்ணன், என் மாமா, ஸ்குரூ ட்ரைவரோடு வந்தார்.

"உந்தக் கூட்டைக் கழட்டினால் பிரச்சினை முடிஞ்சுது. அங்கை நடக்கிறதுக்குச் சனத்துக்குக் கோவம் வரும்தானே."

அம்மா வாசலை மறித்து நின்றார். "அப்ப, ஆள் மாறாமல் எறிஞ்சால் சரியோ அண்ணை?"

மாமா சிரித்துப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை.

"கொழும்பிலை எங்கடை வீட்டை எரிக்கேக்கையும் இதைத்தான் சொன்னவை. வடக்கிலை நடந்ததுக்குச் சனத்துக்குக் கோவம் வரும்தானே எண்டு. அண்டைக்கு, தமிழர் எண்டு தெரியக்கூடாதெண்டு என்ரை பொட்டை அழிச்சது நீங்கள்தான்."

"அதாலைதானே தப்பினனாங்கள்," என்றார் மாமா. "பிள்ளை இருக்கிற வீடு. யோசி." தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மறுநாள் காலை அம்மா அந்தக் கூட்டைத் துடைத்துச் சந்தனம் வைத்தார். பிறகு என்னைப் பிடித்து நிறுத்தி, நெற்றியில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு. வெள்ளிக்கிழமைகூட இல்லை, வகுப்பில் சிரிப்பார்கள் என்று அழுதேன். அம்மா கேட்கவில்லை.

பள்ளி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சட்டைக் கையால் அழித்தேன். வெளியே நின்ற அம்மா அதைப் பார்த்துவிட்டார். மாலையில் நல்ல ஏச்சு இருக்கிறது என்று பயந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு பள்ளி நாளில் எனக்குப் பொட்டு வைக்கவும் இல்லை.

தப்பிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.